ரத்தத்தில் இல்லாதது

சென்ற ஆண்டு மாசி மாதத்தில் ஒரு நாள் காலை, துணி துவைக்கும் கல்லுக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு பாம்புச் சட்டை கிடந்தது. நான்கு முழம் இருக்கும். திருப்போரூரைத் தாண்டி உள்ளே போகும் சாலையில், ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலத்தில் போட்ட மனைப் பிரிவு எங்களுடையது. பதினான்கு வீடுகள். மிச்ச மனைகளில் சீமைக் கருவேலமும், எண் எழுதிய கற்களும், யாரோ கொட்டிவிட்டுப் போன செங்கல் துண்டுகளும். அங்கே பாம்பு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனாலும் அன்று பதினான்கு வீட்டாரும் எங்கள் கொல்லையில் கூடிவிட்டார்கள். நீளத்தைப் பார்த்தாலே தெரிகிறது, நல்ல பாம்புதான் என்றார் ஒருவர். அப்படியென்றால் ஜோடியாக இருக்கும் என்றார் இன்னொருவர். எதிர்வீட்டுப் பாட்டி வெள்ளிக்கிழமை புற்றுக்குப் பால் ஊற்றச் சொன்னார். புற்று எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "அதை இடித்துவிட்டுத்தானே நீங்கள் கார் நிறுத்தியிருக்கிறீர்கள்" என்றார்.

மதியத்துக்குள் பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனம் ஒன்றிலிருந்து சீருடை அணிந்த இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். மதிலைச் சுற்றி மூக்கைத் துளைக்கும் ஒரு திரவத்தைத் தெளித்தார்கள். ஆறு மாத உத்தரவாதம் என்று அச்சிட்ட ரசீதைக் கொடுத்து 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்கள். மூக்கைத் துளைக்கிறதே, பாம்புக்கும் துளைக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பேரம்கூடப் பேசவில்லை. இந்த 1,800 ரூபாயை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பிறகு வேண்டியிருக்கும்.

மதில் வேலைக்கு வந்துகொண்டிருந்த கொத்தனாருக்கு அந்த ரசீதில் நம்பிக்கை இல்லை. மறுநாள் விடியலில், தன் ஊர் ஏரிக்கரையில் குடியிருக்கும் இருளர் பெரியவர் ஒருவரை அழைத்து வந்தார். அறுபதைத் தாண்டியவர். கையில் ஒரு குட்டைக் கடப்பாரை, தோளில் துணிப்பை. நான் பாம்புச் சட்டையை நீட்டினேன். அதை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, "நாய்க்குச் சோறு எங்கே வைக்கிறீர்கள், அம்மா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கும் பாம்புக்கும் என்ன தொடர்பு என்று எனக்குப் புரியவில்லை. நாய்ச்சோறு சிந்தும் இடத்துக்கு எலி வரும், எலி வரும் வழியில்தான் பாம்பு வரும் என்பது அவர் அங்கே போய்க் குந்திய பிறகுதான் உறைத்தது.

மதில் வேலைக்காகக் கொட்டியிருந்த மணல் குவியலின் சரிவில் ஒரு நெளிகோடு இருந்தது. அன்று விடியலில் அதை நானும் பார்த்திருக்க வேண்டும். தண்ணீர்க் குழாயை இழுத்த தடம் என்று நினைத்திருப்பேன். அவர் அதைத் தொடவில்லை. வளைவுகளின் வெளி ஓரத்தைக் காட்டினார். ஒவ்வொரு வளைவிலும் மணல் ஒரு பக்கமாக ஒதுங்கி மேடு தட்டியிருந்தது. பாம்பு உடம்பால் மணலைப் பின்னே தள்ளித்தான் முன்னே போகிறது. மேடு எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கம் போயிருக்கிறது. விரியனாக இருந்தால் இப்படி நெளியாது, கனத்த உடம்போடு நேராக இழுத்துக்கொண்டு போகும் என்றார். கோட்டின் குறுக்கே எறும்புகள் நடந்த இழை போன்ற தடம் ஒன்று இருந்தது. பனியின் பொட்டுகளும் கோட்டின் மேலேயே விழுந்திருந்தன. ஆகவே பனி இறங்குவதற்கு முன்பே அது கடந்துவிட்டது. பிறகு செங்கல் அடுக்குக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு வளைகளைப் பார்த்தார். ஒன்றின் வாயில் சிலந்தி வலை கட்டியிருந்தது. நாலைந்து நாட்களாக யாரும் போய் வரவில்லை. இன்னொன்றில் வலையும் இல்லை, எலி புதிதாகப் பறித்துத் தள்ளிய மண்ணும் இல்லை. வாய் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. அருகே சுண்ணாம்பு போல வெளுத்த ஓர் எச்சம்; குச்சியால் கிளறியபோது உள்ளே எலி மயிர்.

கடைசியில்தான் சட்டையைப் பையிலிருந்து எடுத்தார். தலைப்பக்கத்தை விரலில் மாட்டி வெளிச்சத்தில் பிடித்தார். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருக்கும் கண்ணாடி போன்ற செதிலும் சட்டையோடு உரிந்து வந்துவிடும். அந்த வட்டம் பெரிதாக இருந்தது. கழுத்துப் பகுதியை இரு விரல்களால் விரித்துப் பார்த்தார். படம் எடுக்கும் பாம்பின் கழுத்து இப்படி ஒடுங்கி இருக்காது என்றார். சாரை. நேற்று முன்னிரவில் வடக்குப் பக்கம் போய்விட்டது. எலி இருக்கும்வரை வந்து போகும். அது இருக்கட்டும், நல்லதுதான். செங்கல்லை மட்டும் உடனே எடுத்துவிடுங்கள். கட்டு விரியனுக்கு இதைவிட நல்ல வீடு கிடைக்காது. அவ்வளவுதான். வந்து இருபத்தைந்து நிமிடங்கள்கூட ஆகவில்லை.

அடுத்து நடந்ததுதான் இத்தனை மாதங்களாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. அவருக்கு எவ்வளவு கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பாம்பைப் பிடித்திருந்தால் தெரிந்திருக்கும். அவர் எதையும் பிடிக்கவில்லை, தெளிக்கவில்லை, கொண்டுபோகவில்லை. பார்த்தார், சொன்னார். 200 ரூபாயை எடுத்து நீட்டினேன். நீட்டும்போதே தொகை குறைவு என்று ஏதோ குத்தியிருக்க வேண்டும். அதை ஈடுகட்டுவது போல, மனதாரப் பாராட்டுவதாகவே நினைத்துக்கொண்டு, "இதெல்லாம் உங்கள் ரத்தத்திலேயே இருக்கிறது, இல்லையா பெரியவரே" என்றேன்.

நோட்டை மடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "ரத்தத்தில் இருந்தால் என் பையனுக்கு ஏன் தெரியவில்லை, அம்மா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரிந்திருக்கும் என்று நம்பிக் கேட்டது போல இருந்தது. பிறகு அவரே சொன்னார்: மகனுக்கு ஒரகடத்தில் ஒரு கிடங்கில் வேலை. பாம்பைக் கண்டால் நீங்கள் ஓடுவது போலத்தான் அவனும் ஓடுவான்.

பாராட்டு என்னும் கஞ்சத்தனம்

தேநீர் குடித்தபடி அவர் சொன்னதன் சுருக்கம் இது. கற்றுக்கொடுத்தவர் அவருடைய அம்மா. ஐந்தாறு வயதில் அம்மாவோடு வரப்பில் நடக்கும்போது முன்னால் போகக் கூடாது. தடத்தை மிதித்துவிட்டால் அன்றைய சோறு போயிற்று. வரப்பெலி வளைக்கும் வெள்ளெலி வளைக்கும் வித்தியாசம் சொல்லத் தெரிந்த பிறகுதான் கடப்பாரை கையில் கிடைத்தது. வளைக்குள் கைவிட அனுமதி கிடைக்க அதற்கு மேலும் சில வருடங்கள். அவருடைய இடது கைச் சுட்டுவிரலுக்கு நுனி இல்லை. கண்ணாடி விரியன். ரத்தத்திலேயே இருந்திருந்தால் அந்த நுனி போயிருக்காது என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

ஒரு நாகஸ்வர வித்வானைப் பற்றி எழுதும்போது யாரிடம் பாடம், எத்தனை வருடம் குருகுலவாசம், விடியலில் எத்தனை நாழிகை சாதகம் என்றெல்லாம் எழுதுகிறோம். அவருடைய மகன் சரியாக வாசிக்காவிட்டால் சாதகம் போதவில்லை என்போம். இருளர் ஒருவரின் மகனுக்குத் தடம் பார்க்கத் தெரியாவிட்டால் மட்டும் பழங்குடித் தன்மை நீர்த்துவிட்டதாக வருத்தப்படுகிறோம். முன்னதைப் படிப்பு என்று எண்ணுகிறோம், பின்னதை மோப்ப சக்தி போல ஏதோ ஒன்று என்று எண்ணுகிறோம். மோப்ப சக்திக்கு யாரும் கட்டணம் கொடுப்பதில்லை. என் 200 ரூபாய்க்கும் 1,800 ரூபாய்க்கும் நடுவில் இருந்தது இந்த எண்ணம்தான். அந்தத் திரவம் சாரையை விரட்டவில்லை என்பதற்கு மணலில் இருந்த கோடே சாட்சி. தெளித்த அன்று இரவே அது மதிலைக் கடந்து போயிருக்கிறது. ஆனாலும் ரசீது கேட்ட தொகையைக் கொடுத்தேன், விரலை இழந்து படித்த படிப்புக்குப் பாராட்டுக் கொடுத்தேன்.

இருளர்களுடைய அறிவு ரத்தத்தில் வருவதில்லை என்பதற்கு ஒரு சான்று அமெரிக்காவில் இருக்கிறது. ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகிவிட்டன. செல்லப் பிராணிகளாக வளர்க்கப்பட்டுத் தப்பியவையும் விடப்பட்டவையும் அங்கே இனம் பெருக்கின. 2012இல் வெளியான ஓர் ஆய்வு, மலைப்பாம்பு நெடுங்காலமாக இருக்கும் பகுதிகளில் சாலையோரம் கண்ணில் படும் ரக்கூன்களின் எண்ணிக்கை 99 விழுக்காட்டுக்கு மேல் வீழ்ந்துவிட்டதாகச் சொன்னது. வேட்டைப் போட்டி நடத்தினார்கள். 2016 போட்டியில் ஆயிரம் பேர் வரை கலந்துகொண்டு ஒரு மாதத்தில் 106 பாம்புகளைப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டு ஜனவரியில் செங்கல்பட்டு மாவட்டத்தின் சென்னேரியைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இரண்டு இருளர்களை வரவழைத்தார்கள். இருவரும் ஒரு மாதத்துக்குள் 27 பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். அவற்றில் ஒன்று 16 அடிப் பெண் பாம்பு.

இந்தச் செய்தியை அப்போது எல்லாரும் பெருமையோடு பகிர்ந்தோம். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தபோது மறுபடியும் பகிர்ந்தோம். நான் கவனிக்கத் தவறியது வேறு. எவர்கிளேட்ஸில் செம்மண் வரப்பு கிடையாது, எலிவளை தேடும் வயல் கிடையாது. ஆளை அறுக்கும் கோரையும் சுண்ணாம்புப் பாறையும் தண்ணீரும்தான். பர்மிய மலைப்பாம்பு செங்கல்பட்டில் இல்லை. முப்பாட்டன் நினைவு எதுவும் அங்கே உதவியிருக்காது. அதுவரை வேட்டைக்காரர்கள் கரைச்சாலைகளில் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டே பாம்பைத் தேடுவார்கள். இவர்கள் இறங்கி, இரும்புக் கம்பியால் கோரையை விலக்கிக்கொண்டு புதருக்குள் போனார்கள். எச்சம், தேய்ந்த தரை, உரிந்த சட்டை என்று அடையாளங்களைக் கோத்துத் தேடினார்கள். ஓர் ஊரில் கற்ற முறையை, முன்பின் பார்த்திராத ஊரில், முன்பின் பிடித்திராத உயிரின் மேல் பொருத்திப் பார்ப்பதற்கு நம் கல்லூரிகளில் ஆராய்ச்சி என்று பெயர் வைத்திருக்கிறோம்.

பானைக்குள் நான்கு பாம்புகள்

பெரியவர் வந்து போன சில வாரங்களில் வடநெம்மேலிக்குப் போனேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில், முதலைப் பண்ணை வளாகத்துக்குள் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். சிறுவயதில் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்தபோது நினைவில் நின்றது, கண்ணாடிக் குவளையின் வாயில் கட்டிய தோலில் பாம்பின் பல் இறங்கி மஞ்சளாக நஞ்சு சொட்டியது மட்டும்தான். இந்த முறை பானைகளைப் பார்த்தேன். அடியில் மணல் பரப்பி, வாயைத் துணியால் கட்டிய மண் பானைகள். சமையலறையில் இருந்திருந்தால் உள்ளே ஊறுகாய் இருப்பதாக நினைத்திருப்பேன்.

இந்தச் சங்கத்தின் கதை தமிழ் வாசகர்கள் பலருக்கும் தெரிந்ததுதான். பாம்புத் தோலுக்கு வெளிநாட்டில் கிராக்கி இருந்த காலத்தில் தோல் கிடங்குகளுக்குப் பாம்பு பிடித்துக் கொடுத்தவர்கள் இருளர்கள். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. நியாயமான தடை. அந்த வேகத்தில் தோல் போய்க்கொண்டிருந்தால் பாம்பு மிஞ்சியிருக்காது, எலி மட்டும் மிஞ்சியிருக்கும். ஆனால் தோலில் லாபம் பார்த்த வணிகர்கள் வேறு வியாபாரத்துக்குப் போய்விட்டார்கள். பிடித்துக் கொடுத்தவர்களுக்கு ஒரே நாளில் தெரிந்த தொழில் குற்றமாகிவிட்டது. பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகரும் இருளர்களும் சேர்ந்து 1978இல் இந்தக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். வனத்துறை அனுமதிக்கும் எண்ணிக்கையில் பாம்பைப் பிடித்து வந்து, மூன்று நான்கு வாரம் வைத்திருந்து, வாரம் ஒரு முறை நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் இட்டுக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அடையாளம் இருக்கும் பாம்பு மறுபடி அகப்பட்டால் அதைத் தொந்தரவு செய்வதில்லை. நஞ்சு உறைநிலையில் உலர்த்தப்பட்டுத் தூளாக மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது. இந்தியாவில் பாம்புக்கடிக்குப் போடப்படும் மருந்தின் மூலப்பொருளில் பெரும்பகுதி இங்கிருந்துதான் கிடைத்துவந்திருக்கிறது. 2000 முதல் 2019 வரை இந்த நாட்டில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000. அந்த எண் இன்னும் பெரிதாகாமல் இருப்பதில் இந்தப் பானைகளுக்குப் பங்கு உண்டு.

ஆகவே இது வெற்றிக் கதை. நானும் அப்படித்தான் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்லும்போது ஒரு சின்னத் தயக்கம் வருகிறது. சங்கம் வாங்குவது நான்கு பாம்புகளை: நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன். மருந்து இந்த நான்குக்குத்தான் தயாராகிறது. ஆகவே இந்த நான்கைத் தேடும் அறிவுக்குத்தான் கூலி. என் வீட்டுக்கு வந்த சாரைக்கு அங்கே விலை இல்லை. முதல் மழைக்குப் பிறகு எந்தப் புற்றிலிருந்து எப்போது ஈசல் கிளம்பும் என்பதற்கு விலை இல்லை. எந்தக் கொடியின் அடியில் கிழங்கு விளைந்திருக்கும், எந்தச் செடியைக் கன்று போட்ட மாட்டுக்குக் கொடுக்கலாம் என்பவற்றுக்கும் இல்லை. எலியைப் பற்றிய அறிவு ஒரு காலத்தில் இருந்தது போல இன்றும் வேண்டியிருக்கிறது. வளையைத் தோண்டி எலியையும் அது சேர்த்துவைத்த நெல்லையும் எடுப்பவர் வயலில் நஞ்சு வைப்பதில்லை. செத்த எலியைத் தின்று ஆந்தை சாவதில்லை. ஆனால் கடையில் எலி மருந்து சுலபமாகக் கிடைக்கிறது, ஆளைத் தேடிப் போய்க் கூப்பிட வேண்டியதில்லை. ஓர் அறிவின் கிளைகளில் சந்தை இருந்த கிளைக்கு மட்டும் தண்ணீர் கிடைத்தது, மற்றவை காய்ந்துகொண்டிருக்கின்றன. இது சங்கத்தின் குற்றம் இல்லை. அது இல்லாவிட்டால் அந்த ஒரு கிளையும் இருந்திருக்காது.

இன்னொரு விஷயமும் உண்டு. ஒரே வகைப் பாம்பின் நஞ்சுகூட ஊருக்கு ஊர் மாறுகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், இப்போதைய மருந்து நாட்டின் பிற பகுதிகளில் உள்ள சில பாம்புகளின் நஞ்சை முறிக்கத் திணறுவதைக் காட்டினார்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து நஞ்சில் தயாரான மருந்து ராஜஸ்தானில் கடித்த பாம்புக்கு முழுதாக வேலை செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது. அப்படியென்றால் ராஜஸ்தானிலும் வங்காளத்திலும் இதே போலப் பாம்பை அறிந்தவர்கள் இருந்தார்களே, அவர்கள் என்ன ஆனார்கள்? பாம்பாட்டி என்று பெயர் வைத்து, பிச்சைக்காரர் பட்டியலில் சேர்த்து, கூடையைப் பறித்து அனுப்பினோம். ஒரு கூட்டுறவுச் சங்கம் உருவான இடத்தில் ஒரு தேசத்துக்கே மருந்து கிடைத்தது. உருவாகாத இடங்களில் என்ன இழந்தோம் என்று கணக்கெடுக்கவும் வழியில்லை.

பதிவேட்டில் ஏறாதது

நம் மஞ்சளின் மருத்துவக் குணத்துக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய கதையை நான் மறுபடியும் சொல்லப் போவதில்லை. அந்தக் கதையில் ஊறிப்போனதால் மரபறிவு என்றதும் நமக்குத் திருட்டு பயம்தான் வருகிறது: யாரோ கொண்டுபோய்விடுவார்கள், அதற்குள் எழுதிவைத்துவிட வேண்டும். உயிரியல் பன்மைச் சட்டம் 2002இல் வந்தது. ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு குழு அமைத்து, உள்ளூர் உயிர்களையும் அவற்றைப் பற்றிய அறிவையும் குறித்துவைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றை எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. வருடக்கணக்கில் யாரும் அசையவில்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரியைக் கெடுவாக வைத்ததும், நாடு முழுவதும் லட்சக்கணக்கான பதிவேடுகள் மளமளவென்று தயாராகின. அந்த வேகத்தில் எழுதியவற்றில் என்ன இருக்கும் என்று ஊகிக்கலாம். வேப்பமரம், துளசி, பசு, கெண்டை மீன்.

நன்றாக எழுதப்பட்ட பதிவேடாகவே இருக்கட்டும். பெரியவருக்குத் தெரிந்ததை அதில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? இங்கே அகத்தியமலையில் வாழும் காணிப் பழங்குடிகளின் கதை நினைவுக்கு வருகிறது. 1987இல் ஆய்வாளர்களோடு மலையேறிய காணி வழிகாட்டிகள் ஒரு செடியின் காயைத் தின்றுகொண்டு களைப்பில்லாமல் நடந்தார்கள். விசாரித்தபோது ஆரோக்கியபச்சை என்ற அந்தச் செடி தெரியவந்தது. திருவனந்தபுரத்துக்கு அருகே பாலோட்டில் இருக்கும் தாவரவியல் நிறுவனம் அதிலிருந்து ஜீவனி என்ற மருந்தை உருவாக்கி, 1995இல் கோவை ஆர்ய வைத்திய பார்மசிக்கு 10 லட்சம் ரூபாய்க்கு உரிமம் கொடுத்தது. உரிமத் தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவாயிற்று; பணத்தைப் பெற 1997இல் ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. பலன் பகிர்வுக்கு முன்னோடி என்று உலகமே பேசியது. அங்கே அறிவு ஒரு செடியின் பெயரில் அடங்கியது. பெயரைச் சொன்னவருக்குப் பங்கு கொடுத்துவிட்டு, செடியை ஆய்வகத்துக்குக் கொண்டுபோக முடிந்தது. எறும்புத் தடத்தையும் பனிப் பொட்டையும் மண் மேட்டையும் ஒன்றாகப் பார்த்து, முன்னிரவு, வடக்கு, சாரை என்று சொல்வதை எந்த ஆய்வகத்துக்கும் கொண்டுபோக முடியாது. அதைச் செய்பவரை மட்டும்தான் கொண்டுபோக முடியும், ஃபுளோரிடாவுக்குக் கொண்டுபோனது போல.

பழங்குடிகள் வாழும் நிலங்களில்தான் உலகத்தின் பல்லுயிர் வளத்தில் 80 விழுக்காடு இருக்கிறது என்ற வாக்கியத்தை நானும் இரண்டு மூன்று இடங்களில் எழுதியிருக்கிறேன். 2024இல் 'நேச்சர்' இதழில் ஆய்வாளர்கள் சிலர், பழங்குடி ஆய்வாளர்களும் அவர்களில் உண்டு, அந்த எண்ணுக்கு அடிப்படையே இல்லை என்று எழுதினார்கள். இப்படி ஊதிய எண் ஒரு நாள் உடையும்போது பழங்குடிகளின் உண்மையான பங்கும் சேர்ந்து சந்தேகத்துக்கு ஆளாகும் என்பது அவர்கள் கவலை. படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த எண்ணும் என்னுடைய 'ரத்தம்' போன்றதுதான். விசாரிக்காமல் சூட்டிய மாலை.

பெரியவரின் நிலைமையைப் பாருங்கள். சமவெளி இருளர்களில் பலருக்குக் காடு என்று எதுவும் மிச்சமில்லை. 2006இன் வன உரிமைச் சட்டம் அவர்களுக்கு எட்டாத தூரத்தில் நிற்கிறது. குடியிருப்பது ஏரிக்கரைப் புறம்போக்கில், பட்டா இல்லை. பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க அலைய வேண்டியிருக்கிறது. சங்கத்தின் உரிமம் இல்லாமல் ஒரு பாம்பைப் பிடித்தால் சட்டப்படி குற்றம். கற்றுக்கொடுக்க வேண்டுமென்றால் பிள்ளையை விடியலில் வயலுக்குக் கூட்டிப்போக வேண்டும். வயல் எங்கே? அந்த வயலில்தான் நான் கார் நிறுத்தியிருக்கிறேன். அவர் கற்ற பள்ளிக்கூடத்தின் மேல் எங்கள் பதினான்கு வீடுகளும் நிற்கின்றன. மகன் ஒரகடத்துக்குப் போனதை அவர் குறையாகச் சொல்லவில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும். மாதச் சம்பளம், பி.எஃப்., விரல்கள் பத்தும் பத்திரம். மரபறிவு அழிகிறதே என்று நான் இங்கே உட்கார்ந்து கவலைப்பட்டு எழுதுவதற்காக அந்தப் பையன் வளைக்குள் கைவிட வேண்டும் என்று எப்படிச் சொல்வது? சொல்லாமல் இருந்தாலும் எப்படி? இரண்டு பக்கமும் யோசித்துப் பார்த்துவிட்டேன். எனக்குப் பிடிபடவில்லை.

செங்கல்லை எடுத்துவிட்டோம். அடியில் கட்டு விரியன் எதுவும் இல்லை. தேள் இரண்டு இருந்தன. குடியிருப்போர் கூட்டத்தில் திரவம் தெளிக்கும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம், அந்தப் பணத்துக்குப் பெரியவரை மாதம் ஒரு முறை வந்து பார்க்கச் சொல்லலாம் என்றேன். ரசீது கொடுப்பாரா என்று பொருளாளர் கேட்டார். ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது.

ஐப்பசியில், இரவு மழை ஓய்ந்திருந்த ஒரு காலை, மணலில் மறுபடி ஒரு கோடு. பக்கத்து வீட்டுச் சிறுமிதான் முதலில் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். பெரியவருக்குப் போன் செய்தேன். பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தார். உடனே வர முடியாது, பார்த்து எனக்குச் சொல்லுங்கள் என்றார். நெளிந்திருக்கிறதா, நேராக இருக்கிறதா? நேராகத்தான் தெரிகிறது என்றேன். எத்தனை விரல் அகலம்? கை வைத்துப் பார்த்து மூன்று என்றேன். கோட்டுக்குள் மழைத்துளி விழுந்த பள்ளம் இருக்கிறதா, கோடு பள்ளங்களை அழித்திருக்கிறதா? குனிந்து பார்த்தேன். இருப்பது போலவும் இருந்தது, அழிந்தது போலவும் இருந்தது. மறுமுனையில் பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. "நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது, அம்மா. உட்காருங்கள். தடத்துக்கு எதிரே வெளிச்சம் இருக்கும்படி உட்காருங்கள்" என்றார். கிழக்குப் பார்க்க மண்டியிட்டேன். சிறுமி முன்னால் வந்து குந்தப் போனாள். தடத்தை மிதிக்காதே என்று அவள் கையைப் பிடித்து என் பின்னால் இழுத்துக்கொண்டேன்.